வார்த்தை வருகிற வரைக்கும்

பிப்ரவரி 3

வாலுவுக்கு,

அண்ணி எழுதுவது. நல்லா இருக்கிறாயா? நான் இருக்கிறேன்.

கடிதம் எழுதி எத்தனையோ வருஷம் ஆச்சு. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொள். நீ நாலு தடவை போன் செய்தாய், நாலு தடவையும் நான் எடுக்கவில்லை. கோபம் இல்லை. உனக்கே தெரியும், உங்கண்ணனுக்குப் பேச்சு திக்கும், அதனால் போன் என்றால் அவருக்குப் பாம்பு. மணி அடித்தால் என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்பார். இருபத்திரண்டு வருஷம் அவர் பேச வேண்டியதை எல்லாம் போனில் நான்தான் பேசினேன். "அவர் சொல்றார்", "அவர் கேக்கறார்", இதுதான் எனக்குத் தெரிந்த போன் பேச்சு. அவர் போன பிறகு ஒரு நாள் எங்கள் லாண்டரியிலிருந்து கூப்பிட்டார்கள். காதில் வைத்ததும் "அவர் சொல்றார்" என்று வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. அப்படியே வைத்துவிட்டேன். அன்றிலிருந்து அதை எடுக்கக் கை வருவதில்லை.

அதனால்தான் கடிதம்.

நேற்று சாப்பாட்டு நேரத்தில் உன் பேட்டியைக் கேட்டோம். இஸ்திரி உருளையில் எனக்கு எதிர்ப்பக்கம் நின்று விரிப்பு பிடிப்பாளே, குட்டைக்காரி, அவள்தான் போனில் போட்டாள். ஏழெட்டுப் பேர் துணி மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டோம். "உங்களுக்குள்ள இசை எங்கேருந்து வந்துச்சு?" என்று பேட்டி எடுக்கிற பெண் கேட்கிறாள். நீ சிரித்துக்கொண்டே, "எங்க வீட்ல யாருக்கும் பாட வராது. நான் தானா முளைச்சவ" என்கிறாய்.

குட்டைக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன்க்கா, சோறு போட்டதைக்கூடச் சொல்லலையே உன் நாத்தனா?"

"சோறு தின்னா பாட்டு வருமாடி? அப்படின்னா நீ இந்நேரம் நாலு மேடை ஏறியிருக்கணும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

நீ சொன்னது பொய் இல்லை. எனக்குப் பாட வராது. உங்கண்ணனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனாலும் அண்ணன் என்று ஒரு வார்த்தை வந்திருக்கலாமே என்று இருந்தது. நாலு மாசம்தான் ஆகிறது. சொன்னால் அழுகை வரும் என்று விட்டிருப்பாய். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

குறை சொல்ல உட்காரவில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன், அது பின்னால் போய்விட்டது. அவரை எடுத்த அன்றைக்கு நீ வந்து என் பக்கத்திலேயே இருந்தாய். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சாயங்காலமே கிளம்பிவிட்டாய். ஆனால் அன்று பூரா என் முதுகில் உன் கை இருந்தது. அந்தக் கை இல்லாவிட்டால் நான் சரிந்திருப்பேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி


பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நெட்டையன் வாங்கி வந்து கொடுத்தான். என்னோடு டிரம்ஸ் வாசிக்கிறவன். "உனக்குக் கடுதாசியெல்லாம் வருமா? கோர்ட்டு நோட்டீஸா?" என்றான். அண்ணி எழுதியது என்றதும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஆள்தான் நெட்டை, மனசு பூனைக்குட்டி.

பேட்டியில் நான் சொன்னது வெறும் பந்தா, அண்ணி. அந்தப் பெண் கேள்வி கேட்டபோது எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? அதைச் சொன்னால் விளங்க வைக்க அரை மணி நேரம் ஆகும். அதனால் தானாக முளைத்தேன் என்று ஒரு போடு போட்டேன். உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம். நான் முளைத்தது அண்ணனுடைய வேனில். வைப்பரில்.

பள்ளிக்கூட விடுமுறையில் என்னை லாண்டரி வேனில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி விரிப்பு கொடுக்கப் போவானே. ஒரு நாள் நல்ல மழை. கண்ணாடியில் வைப்பர் போய்ப் போய் வருகிறது. அண்ணன் திடீரென்று பேச ஆரம்பித்தான். திக்கவே இல்லை! வைப்பர் அந்தப் பக்கம் போனால் ஒரு சொல், இந்தப் பக்கம் வந்தால் ஒரு சொல். "மழை - பெருசா - இருக்கு - கண்ணாடியை - ஏத்து." நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அவனுக்கும் அது அன்றைக்குத்தான் தெரிந்தது என்று நினைக்கிறேன். அன்று ஆஸ்பத்திரி போய்த் திரும்புகிற வரைக்கும் ஓயாமல் பேசினான். செத்துப்போன அம்மாவைப் பற்றி, அப்பாவைப் பற்றி, நீங்கள் அவனைத் திட்டுவது பற்றி.

அதற்குப் பிறகு வெயில் நாளிலும் வைப்பரைப் போடுவான். காய்ந்த கண்ணாடியில் ரப்பர் கிறீச் கிறீச் என்று தேயும். சிக்னலில் நிற்கிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே போவோம். முதலாளி அவனைக் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "போன மாசம்தானேப்பா மாத்தினோம்? உன் வண்டி மட்டும் ரப்பரைத் திங்குதா?" அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். நான் சிரிப்பை அடக்க விரிப்பு மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

பதினோரு வயதில் அந்தத் தாளத்துக்குத்தான் என் முதல் பாட்டைக் கட்டினேன். ஆஸ்பத்திரிப் பின்வாசல் காவல்காரர் தூங்குவது பற்றி. அண்ணன் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினான். வைப்பரை மட்டும் நிறுத்தவில்லை. "இன்னொரு - தரம் - பாடு" என்றான்.

இன்றைக்கும் நான் கட்டுகிற பாட்டெல்லாம் அந்த வேகம்தான். "உன் பாட்டு எல்லாமே ஒரே நடை நடக்குதே, ஏதாவது வியாதியா?" என்று நெட்டையன் கேட்பான். சாப்பிடுகிறவர்கள் நடுவில் ஓட்டல் மூலையில் உட்கார்ந்து பாடின நாளிலும் அந்த வேகம்தான். ஒரு பெரிய கம்பெனி கூப்பிட்டு, நாங்கள் எழுதுவதைப் பாடு, நாங்கள் கொடுப்பதை உடுத்து என்று சொன்னபோது, வேண்டாம் சார் என்று எழுந்து வந்தேனே, அன்று படி இறங்கியதுகூட அந்த வேகம்தான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு எல்லாமே சொந்தக் கடை. என் பாட்டு, என் அறை, ஜன்னலை அடைக்க மூன்று மெத்தை. மேல் வீட்டில் மிக்ஸி ஓடாத நேரம் பார்த்துப் பதிவு செய்கிறோம். முதல் ஆல்பத்தில் ஒரு பாட்டின் கடைசியில் மிக்ஸி சத்தம் ஏறிவிட்டது. அந்த இடம்தான் பிரமாதம் என்று ஒருத்தர் எழுதியிருந்தார்.

நீங்கள் கிழிந்த ஆஸ்பத்திரி விரிப்பில் தைத்துக் கொடுத்த கிதார் உறை இன்னும் என்னிடம் இருக்கிறது. 'ஆறாம் வார்டு' என்று மை போட்டிருக்கும் இல்லையா? இது என்ன பேஷன் என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். நான் வீட்டை விட்டுக் கிளம்புகிறேன் என்றபோது அண்ணன் மூன்று நாள் சாப்பிடவில்லை. நீங்கள்தான் அவனிடம் பேசி அனுப்பி வைத்தீர்கள். அதை நான் எந்தப் பேட்டியிலும் சொன்னதில்லை, உங்களிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

இது மூன்றாவது ஆல்பம். அண்ணனுக்கு என்று முன்னால் போடப்போகிறேன். ஒன்பது பாட்டு. மார்ச் இருபதுக்குள் முடிக்க வேண்டும், அதன் பிறகு நெட்டையன் வேறு குழுவோடு வெளியூர் போகிறான். பத்தாவதாக எல்லாரும் கேட்பது அந்தப் பாட்டைத்தான், அண்ணன் பாட்டை. கூட்டத்தில் யாராவது ஒருத்தர் கத்திக் கேட்காத நிகழ்ச்சியே இல்லை. நான் பாடுவதில்லை, அண்ணி. "உங்கண்ணன் அதை இனிமே பாடக்கூடாதுன்னு சொல்றார்" என்று நீங்கள் போனில் சொன்னீர்களே, அன்றோடு விட்டேன். மூன்று வருஷத்தில் ஒரு மேடையிலும் தொடவில்லை. அவனை அவமானப்படுத்தினேன், நடுப்பாட்டில் எழுந்து போனான், அது என் தலையெழுத்து. ஆனால் அவன் என்னிடம் கேட்ட ஒரே ஒரு காரியத்தைக் காப்பாற்றிவிட்டேன். அந்த ஒரு தைரியத்தில்தான் அவனை எடுத்த அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்தேன்.

வாலு


பிப்ரவரி 17

வாலுவுக்கு,

உன் கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கு மூன்று தடவை என்றால் ஒரு முழுப் பகல்.

வைப்பர் சமாசாரம் எனக்குத் தெரியாது. நானும் அந்த வண்டியில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். மழையிலும் போயிருக்கிறேன். என்னோடு வரும்போது அவர் பேசியதே இல்லை. பேசுகிறதெல்லாம் நான்தான். அவர் வாய் ஓயாமல் பேசினார் என்று எழுதியிருக்கிறாய். அதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. எனக்கு ஒரு புது ஆளைக் கொடுத்த மாதிரி இருந்தது. நல்லா இரு.

அந்தப் பாட்டைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லித்தான் ஆக வேண்டும். இப்போது வேலைக்கு நேரமாகிவிட்டது, லாட்ஜ் துணி நிறைய வந்திருக்கிறது.

அண்ணி


பிப்ரவரி 22

அண்ணி,

இது என்ன, பாட்டு நடுவில் கரண்ட் போன மாதிரி நிறுத்திவிட்டீர்கள்? என்ன சொல்ல வேண்டும்? லாட்ஜ் துணி எங்கேயும் ஓடிவிடாது. சொல்லுங்கள்.

வாலு


பிப்ரவரி 27

வாலுவுக்கு,

இன்றைக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சுற்றி வளைக்கத் தெரியாது.

உங்கண்ணன் அந்தப் பாட்டைப் பாடக்கூடாது என்று சொல்லவில்லை. நான் சொன்னேன்.

அந்த நிகழ்ச்சிக்கு நாங்கள் வந்த அன்று அவர் தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார். என்னைத் தொட விடவில்லை. நானே ஒரு இஸ்திரிக்காரி! மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். நீ மேடையில் வந்து, இது எங்கண்ணனைப் பற்றின பாட்டு என்றாய். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நீ பாடினாய்.

எல்லாரும் பேசிட்டுப் போன பொறகு
எங்கண்ணன் பேசுவான்
ஒரே ஒரு வார்த்தைதான்
த-த-த-த-தங்கச்சி

ஜனம் சிரித்தது. ரெண்டாவது தடவை வந்தபோது எல்லாரும் சேர்ந்து த-த-த என்று கை தட்டிப் பாடினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் தொடையில் தாளம் போட்டாள். தெருவில் அவரைப் பார்த்து அப்படித்தான் பேசிக் காட்டுவார்கள். நான் அவர்களோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! இப்போது நீயே அதை ஊரைக் கூட்டிச் செய்கிறாய் என்று எனக்கு நெஞ்செல்லாம் எரிந்தது. அவர் எழுந்து வெளியே போனார். பார்த்தாயா, தாங்க முடியாமல் போகிறார் என்று நானும் பின்னாலேயே போனேன்.

அவர் எதற்குப் போனார் தெரியுமா? வேனை யாருடைய காருக்கோ குறுக்கே நிறுத்தியிருக்கிறார். மண்டபத்து ஆள் வண்டி நம்பரை எழுதின சீட்டோடு ஓரமாக வந்து காட்டியிருக்கிறான். நான் கவனிக்கவில்லை. வேனை எடுத்து ஓரம் விட்டு வருவதற்குள் உன் பாட்டு முடிந்துவிட்டது. நான்தான் தலை வலிக்கிறது, போகலாம் என்று அவரை இழுத்துக்கொண்டு வந்தேன். உள்ளே போகணும் என்று கையைக் காட்டினார். கேட்கவில்லை.

மறுநாள் காலையில் என்னை உட்கார வைத்துச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை மாற்றவில்லை. "பாட்டு நல்லா இருக்கு. ஆனா நான் அப்படித் தட்டித் தட்டிப் பேசறதில்ல. அது மத்தவங்க என்னைக் காட்டறப்ப பண்றது. எனக்கு நின்னுடும், அவ்வளவுதான். அந்த இடத்துல அவளையும் நிக்கச் சொல்லு. வார்த்தை வந்துடும்." இதைச் சொல்ல அவருக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும் என்று உனக்குத் தெரியும். பாதி வார்த்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். போனை என் கையில் வைத்துவிட்டு, வண்டியை எடுக்கக் கீழே போனார்.

நீ எடுத்தாய். அந்தச் சிரிப்பு என் காதுக்குள்ளேயே இருந்தது. நான் வேறு சொன்னேன். நீ "சரிங்க அண்ணி" என்றாய். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உளறியிருப்பேன். நீ கேட்கவில்லை. கீழே போனேன். "சொல்லிட்டியா?" என்றார். "சொல்லிட்டேன்" என்றேன்.

அப்புறம் அவர் காத்திருந்தார். குட்டைக்காரியின் போனில் உன் நிகழ்ச்சி எது வந்தாலும் பார்ப்பார். அந்தப் பாட்டு வராது. ஒரு நாள் கேட்டார், "என்னைப் பத்தின பாட்டு மட்டும் நல்லா இல்லைன்னு விட்டுட்டாளா?" அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பெரிய ஆளாயிட்டா, புதுசு புதுசாப் பாடுவா" என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். சோறு ஆறினால் சுடாது. இது ஆற ஆறத்தான் சுட்டது. அக்டோபரில் ஆஸ்பத்திரிப் பின்வாசலில் மூட்டையை இறக்கி வைத்தவர் அப்படியே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. எனக்குத் தள்ளிப் போடுவதற்கும் நாள் இல்லாமல் போய்விட்டது.

அன்றைக்கு நீ முதுகில் கை வைத்திருந்தாயே, அப்போதே சொல்ல வாய் எடுத்தேன். சொன்னால் கையை எடுத்துவிடுவாய் என்று இருந்தது.

அண்ணி


மார்ச் 8

அண்ணி,

நாலு தாள் எழுதிக் கிழித்தேன். இது அஞ்சாவது.

மூன்று வருஷம். வேலை இருக்கிறது, வர முடியவில்லை என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேனே, வேலை என்ன வேலை? அவன் முகத்தில் விழிக்க வெட்கம். பஸ் நிலையம் வரைக்கும் வந்து திரும்பியிருக்கிறேன், ரெண்டு தடவை. அங்கே அவன், நான் அவனைக் கழித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தான். இங்கே நான், அவன் என்னைக் கழித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் நீங்கள் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தீர்கள்.

அன்றைக்குக் கோபத்தில் சொன்னீர்கள், சரி. எனக்குப் புரிகிறது. ஆனால் அவன் கேட்டபோதும் சொல்லவில்லையே அண்ணி. "நல்லா இல்லைன்னு விட்டுட்டாளா" என்று கேட்டிருக்கிறான். அந்த ஒரு வரி என்னைத் தூங்க விடவில்லை. அவன் தன் வாயை உங்களிடம் கொடுத்து வைத்திருந்தான். வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

இப்போதைக்கு எனக்கு எழுத வேண்டாம்.


மார்ச் 12

வாலுவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒரு தாள்தான். பதில் போட வேண்டாம்.

மன்னித்துவிடு என்று கேட்க எழுதவில்லை. அதைக் கேட்க வேண்டிய ஆளிடம் கேட்க முடியாது. உன்னிடம் கேட்டு வாங்கி நான் என்ன செய்ய?

ரெண்டே விஷயம். அந்தத் தடை என்னுடையது, அதனால் நானே அதை எடுத்துவிடுகிறேன். பாடுவதும் பாடாததும் உன் இஷ்டம். அது உனக்கும் அவருக்கும் நடுவில் இருக்கிறது, நான் விலகிக்கொள்கிறேன்.

இன்னொன்று நன்றி. சிரிக்காதே. அவர் போனதிலிருந்து எல்லாரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். குட்டைக்காரி கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு, "நீங்க உக்காருங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்கிறாள். விரிப்பை ஏடாகூடமாக இழுத்து உருளையில் சுருட்டிவிட்டேன், முதலாளி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காய்ச்சல்காரியைப் பார்ப்பது மாதிரி பார்க்கிறார்கள். அஞ்சு மாசத்தில் என்னை ஒரு முழு மனுஷியாக நினைத்துத் திட்டினது நீ ஒருத்திதான். படித்துவிட்டு நன்றாக அழுதேன். அழுது முடித்து ஒரு தட்டுச் சோறு தின்றேன். மிச்சம் வைக்கவில்லை.

அண்ணி


மார்ச் 16

அன்புள்ள அண்ணிக்கு,

இதை நெட்டையனின் மாமாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் பக்கம் வேலையாக வருகிறார். தபாலுக்கு நேரம் இல்லை. பதிலையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள், நாளை மறுநாள் திரும்புகிறார். நல்ல மனுஷர், ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார், வாசலிலேயே வைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் தாளைப் படித்தேன். கோபம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் என் பங்கை மறைத்துவிட்டு உங்களை மட்டும் திட்டினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் த-த-த என்று பேசுகிறவன் இல்லை என்று எனக்குத் தெரியும். யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியாதா? வார்த்தை அவனுக்கு அடைத்து நின்றுவிடும். வாய் திறந்தபடி இருக்கும், கண் மட்டும் என்னைப் பார்க்கும். வேனிலேயே பத்து வருஷம் அதைப் பார்த்திருக்கிறேன். முதலில் அந்தப் பாட்டை அப்படித்தான் கட்டினேன், அந்த இடத்தில் நின்று. ஒரு ஓட்டலில் பாடிப் பார்த்தேன். நான் நின்றதும் ஒருத்தர் வெயிட்டரைக் கூப்பிட்டுப் பில் கேட்டார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அடுத்த தடவை த-த-த என்று போட்டேன். சிரித்தார்கள், தட்டினார்கள். பிடித்துக்கொண்டேன். தெருவில் இருந்து எடுத்ததை எங்கள் வண்டியில் இருந்து எடுத்தது என்று சொல்லி விற்றேன். உங்களுக்கு நெஞ்சு எரிந்தது நியாயம், அண்ணி. அந்த மண்டபத்தில் அவனுக்காகக் கோபப்பட்டது நீங்கள் ஒருத்திதான். அதற்கு நான் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன்.

அந்தப் பாட்டைப் பத்தாவதாகப் போடப்போகிறேன். அண்ணன் சொன்னபடி. நேற்று முழுக்க அதைத்தான் பதிவு செய்தோம். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் நிற்பது?

நாலு எண்ணி நின்றேன், மூச்சு வாங்க நின்ற மாதிரி இருந்தது. எட்டு எண்ணினேன், வரி மறந்துபோன மாதிரி இருந்தது. பன்னிரண்டு எண்ணினேன். நெட்டையன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "முடிஞ்சுதா, டீ சொல்லவா?" என்றான். எல்லாமே நடிப்பாக இருக்கிறது. எனக்கு அந்த நேரம் தெரியும் என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் அப்போது குழந்தை. குழந்தைக்கு எல்லா நேரமும் நீளம்தான், அந்தக் கணக்கு இப்போது கைக்கு வரவில்லை.

நீங்கள் இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தவர். அண்ணனுக்கு ஒரு வார்த்தை வர எத்தனை நேரம் ஆகும்? எண்ணிச் சொல்ல வேண்டாம். எப்படித் தெரியுமோ அப்படிச் சொல்லுங்கள். இருபதாம் தேதி காலையில் கடைசியாக ஒரு தடவை பாடுவேன்.

வாலு


மார்ச் 18

வாலுவுக்கு,

நெட்டையனின் மாமா உள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் பேசிக்கொண்டிருக்கிறார், நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். தலையை மட்டும் ஆட்டினால் போதும் என்று கண்டுபிடித்துவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் தேடி நேற்று முழுக்க யோசித்தேன். உருளையில் நிற்கும்போதும் அதே யோசனை. குட்டைக்காரி, "அக்கா, விரிப்பு அந்தப் பக்கம் போவுது, நீ எந்தப் பக்கம் போறே?" என்று கத்தினாள். ஆமாம், கத்த ஆரம்பித்துவிட்டாள். எனக்குச் சந்தோஷம்.

எனக்குத் தெரியவில்லை, வாலு. எழுத வெட்கமாக இருக்கிறது. நான் ஒருநாளும் காத்திருந்ததில்லை. அவர் வாயைத் திறந்து நின்றதுமே அந்த வார்த்தையை நான் சொல்லிவிடுவேன். தண்ணியா, சாவியா, வலிக்குதா, போகலாமா. அவர் தலையை ஆட்டுவார். சில சமயம் நான் சொன்னது அவர் நினைத்த வார்த்தையாக இருக்காது. அதற்கும் ஆட்டிவிடுவார். அவர் சிரமப்படக்கூடாது என்றுதான் முந்திக்கொண்டேன். அதை அன்பு என்றுதான் நினைத்தேன், அன்பாகவும்தான் இருந்தது. ஆனால் வைப்பரைப் போட்டுக்கொண்டு உன்னோடு பேசினவர் என்னோடு ஏன் பேசவில்லை என்று இப்போது தெரிகிறது. நான் அவருக்கு இடமே விடவில்லை. காத்திருந்தவள் நீதான். அதற்கு உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவர் பேச ஒரு இடம் இருந்திருக்கிறது, அதில் நீ இருந்திருக்கிறாய்.

இப்படி எழுதி முடித்துக் கவரில் போட்டு ஒட்டியும் விட்டேன். அப்புறம் ஞாபகம் வந்து பிரித்தேன். ஒரே ஒரு தடவை காத்திருந்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால். நான் லாண்டரியில் சேர்ந்து ரெண்டாவது வாரம். அப்போது என்னை முன்பக்க மேஜையில் உட்கார வைத்திருந்தார்கள், துணி வாங்கி ரசீது போட. அவர் அப்போது வேன் ஓட்டவில்லை, ஏதோ லாட்ஜில் வேலை. மூட்டையைக் கொண்டுவந்து போட்டார். எண்ணி ரசீது கிழித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஆனால் போகவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நிற்கிறார். அவருக்குத் திக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததால் என்ன சொல்லப் போகிறார் என்றும் தெரியவில்லை. வேலைக்குப் புதுசு வேறு, போங்கள் என்று சொல்லப் பயம். அதனால் சும்மா இருந்தேன். பின்னால் நின்ற அம்மாள் ரெண்டு தடவை தொண்டையைச் செருமினாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர் தன் மூட்டையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். நான் ரசீதுப் புத்தகத்தில் அடுத்த தாளைத் திருப்பி, கரித்தாளை எடுத்து அடியில் வைத்து, ஓரம் சரியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, நிமிர்ந்தேன். அப்போதும் நின்றுகொண்டிருந்தார்.

அதன் பிறகுதான் வார்த்தை வந்தது.

"நன்றி" என்றார்.

அவ்வளவுதான். ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மேஜையில் தினமும் நூறு பேர் வருவார்கள், ஒருத்தரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. இவர் அதற்காக அத்தனை நேரம் நின்றார். வெறும் தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம், யாரும் தப்பாக நினைத்திருக்கமாட்டார்கள். பின்னால் நின்ற அம்மாள், "இதுக்கா இம்புட்டு நேரம்?" என்று என்னிடம் கேட்டாள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம்தான், வாலு. அவ்வளவு விடு. நெட்டையன் டீ குடிக்கப் போனால் போகட்டும்.

அண்ணி